உறையில்லாத நரம்பு

அட்-பஷி, 2 ஏப்ரல் 1999

அன்புத் தங்கச்சி அனார்குல் கண்டுகொள்ள,

நீ நலமா? இருமல் நின்றதா? பிஷ்கெக்கில் மின்சாரம் இன்னும் போய்ப் போய்த்தான் வருகிறதா? இங்கே மனிதர்கள் நலம். மந்தையைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் சொல்லுவேன், வயிறு எரிகிறது.

இந்த ஈற்றில் ஐந்து குட்டிகள் நடுங்கிக்கொண்டே பிறந்திருக்கின்றன. குளிர் நடுக்கம் இல்லை, அடுப்பருகே கிடத்தியும் பார்த்துவிட்டேன். நிற்க வைத்தால் பின்னங்கால் உதறுகிறது, தலை ஆடுகிறது. பால் குடிக்கப் போனால் மடி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். தூங்கும்போது மட்டும் நடுக்கம் இல்லை. மயிரும் செம்மறி மயிராகவே இல்லை, முதுகெல்லாம் வெள்ளாட்டுக்கு இருப்பதுபோல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்துப் பட்டித் துர்துபெக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “என்ன சைராகுல், உன் ஆடுங்க வெள்ளாட்டுக் கிடாவோட ஓடிப்போயிருச்சாமே? சம்பந்தி விருந்து எப்போ?” என்றான். “உன் நாக்கைத்தான் முதல்ல வேக வைக்கப்போறேன், வந்து சாப்பிடு” என்றேன்.

கால்நடை மருத்துவர் ஷெர்மாத் வந்து, “அஞ்சையும் அடிச்சுப் புதைச்சிரும்மா” என்றார். ஏன் நடுங்குகிறது என்று கேட்டேன். தெரியாதாம். “தெரியாதவர் எதுக்குக் கத்தியைப் பத்திப் பேசறீங்க?” என்று அனுப்பிவிட்டேன். நீ பத்து வருஷமாக நரம்பு நரம்பு என்று படிக்கிறாயே, நீயாவது சொல்லு.

உன் ஜுமாதில் அத்தான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா சைராகுல்

பிஷ்கெக், 11 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம்தானே? எனக்கு இருமல் போய்விட்டது. உன் கடிதத்தைப் படித்து நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரி விளக்குமாற்றால் கூரையை இடித்தாள்.

கொல்லவிடாதே! ஒன்றைக்கூடக் கொல்லவிடாதே!

சுருக்கமாகச் சொல்கிறேன். நரம்பு என்பது மெல்லிய இழைகளின் கட்டு. இழையின்மேல் கொழுப்பாலான ஓர் உறை சுற்றிச் சுற்றிப் படியும். அதற்கு மயலின் என்று பெயர். உறை இடையிடையே சின்ன இடைவெளி விடும். இழையில் சேதி ஓட வேண்டுமானால் உப்பில் இருக்கும் சோடியம் அயனி உள்ளே பாய வேண்டும், அது பாய்வதற்கு வாயில்கள் உண்டு. இளம் நரம்பில் அந்த வாயில்கள் இழை முழுக்கச் சிதறிக் கிடக்கும். வளர வளர, இடைவெளிகளில் போய்க் கும்பலாகக் கூடிவிடும். பொட்டாசியம் வாயில்கள் சற்றுத் தள்ளி உறைக்கடியில் ஒதுங்கும். அதன்பிறகு சேதி இடைவெளிக்கு இடைவெளி தாவி ஓடும்.

அவற்றைக் கூட்டுவது யார்? உறைதான் என்கிறேன் நான். எங்கள் துறைத் தலைவர் இசாபெகோவ் ஒப்பவில்லை. “நரம்புக்குன்னு ஒரு காலண்டர் இருக்கும்மா. வயசு வந்தா வாயில் தானா இடத்துக்குப் போகும். உறை வெறும் சட்டை” என்கிறார். இருபது வருஷமாக அதையே எழுதுகிறார். நவம்பர் மாநாட்டுக்கும் அதே கட்டுரைதான். படங்கள் நான் எடுத்தவை என்பதால் என் கையெழுத்து வேண்டும். போட மாட்டேன் என்றேன். எல்லார் முன்னாலும், “உறையில்லாத நரம்பு ஒண்ணு கொண்டா, அப்புறம் பேசு” என்று சிரித்தார். குளிர்காலத்தில் சூடாக்கி நின்று எங்கள் எலிகள் எல்லாம் செத்துப்போனது அவருக்குத் தெரியும்.

உன் குட்டிகளின் நடுக்கம் எனக்கு உறை படியாத நடுக்கமாகத் தெரிகிறது. தானாகச் சாகிற குட்டியின் தலையை, கண்ணோடு, நகரத்துக்கு வரும் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பு. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு எனக்கு வேண்டும். மற்றவற்றுக்குப் புட்டியில் பால் கொடுத்து உயிரோடு வை.

அவசரத்தோடும் அன்போடும்,
அனார்

அட்-பஷி, 24 ஏப்ரல்

அனார்,

நலம்தானே? நேற்றுக் காலை ஒன்று போய்விட்டது. நீ கேட்டபடி தலையை அனுப்பியிருக்கிறேன். உன் அத்தான் மயிரைப் பொசுக்கிச் சுரண்டினார். நான் மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, உப்புப் போட்டுப் பதமாக வேகவைத்துத் துணியில் சுற்றியிருக்கிறேன். கண் இரண்டும் குலையாமல் இருக்கின்றன. செத்த குட்டி என்பதால் வாயில் வைக்காதே, ஆராய்ச்சிக்கு மட்டும். கூடவே உனக்குத் தின்ன எண்ணெயில் பொரித்த ரொட்டி ஒரு பை. ஓட்டுநர் வழியில் தின்றால் எனக்கு எழுது, அடுத்த நடையில் அவனைக் கவனித்துக்கொள்கிறேன்.

சைராகுல்

பிஷ்கெக், 30 ஏப்ரல்

அக்கா!

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். வேக வைத்தாயா? நரம்பை யாராவது வேக வைப்பார்களா? பொட்டலத்தைத் திறந்ததும் ஆய்வகம் முழுக்க விருந்து வாசனை! இசாபெகோவ் எட்டிப் பார்த்து, “சாப்பாடு பிரமாதம், முடிவு எப்போ?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மேசையில் குத்திய குத்தில் மை கொட்டிவிட்டது.

இனி இப்படிச் செய். உயிர் போன அரை மணிக்குள், பச்சையாக, கண்ணையும் பின்னால் வெள்ளை வால்போல் நீளும் நரம்பையும் சேர்த்து எடு. இத்துடன் அனுப்பும் ஜாடிகளில் ஒன்றில் போடு. அதிலிருப்பது ஃபார்மலின், முகரக்கூடாது. ஒரு நாளுக்கு மேல் ஊறினால் வீண், அன்றைய பேருந்திலேயே ஏற்று. அத்தான் தோல் உரிக்கிற கத்தி போதும். உப்புப் போடாதே. சத்தியமாகப் போடாதே.

ரொட்டி வந்தது, எண்ணினேன், ஓட்டுநர் யோக்கியன். நீங்கள் நலமா?

அனார்

அட்-பஷி, 18 மே

தங்கச்சிக்கு,

நலம். கோபத்தில் பதினைந்து நாள் எழுதவில்லை. பச்சைத் தலையைச் சொந்தத் தங்கச்சிக்கு எவள் அனுப்புவாள்? விருந்தாளி முன்னால் மயிர் பொசுக்காத தலையை வைத்தால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். நீ கேட்டது தலை. தலையென்றால் வெந்த தலைதான். “பச்சையா வேணும்னா பச்சைன்னு எழுதணும், படிச்ச பொண்ணு” என்று உன் அத்தான் நாலு நாளாகச் சிரிக்கிறார். நீ வந்ததும் அவரிடம் உன் சண்டையை வைத்துக்கொள்.

சரி, சண்டை முடிந்தது. முந்தாநாளும் நேற்றும் இரண்டு குட்டிகள் போயின. இரண்டையும் நீ சொன்னபடி எடுத்தேன். அத்தானுக்கு மனம் வரவில்லை, கத்தியை நான் வாங்கிக்கொண்டேன். ஜாடிகள் வந்து சேர்ந்திருக்கும்.

மீதி இரண்டு. நாளொன்றுக்கு ஆறு தடவை புட்டிப்பால். தலையை என் முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டால்தான் குடிக்கிறது. ஷெர்மாத் ஒரு தாளோடு வந்தார். “உத்தரவு இருக்கும்மா” என்றார். “உத்தரவை ஆட்டுக்குப் படிச்சுக் காட்டுங்க, அது ஒத்துக்கிட்டா எனக்கும் சம்மதம்” என்றேன். போய்விட்டார்.

உறை, வாயில் என்று எழுதியிருந்தாயே, எனக்குப் புரிந்தது. வேலியில்லாத மேட்டில் ஆடு எங்கும் சிதறி நிற்கும். வேலி போட்டு ஒரு திறப்பு விட்டால் அத்தனையும் திறப்பில் போய் நெருக்கும். இதற்கா பத்து வருஷம் படித்தாய்?

அன்புடன்
சைராகுல்

பிஷ்கெக், 14 ஜூன்

அக்கா,

எல்லாரும் நலமா? மலைமேல் கோடை மேய்ச்சலுக்கு ஏறிவிட்டீர்களா?

பார்த்துவிட்டேன். மெல்லிய சீவலாக அறுத்து, உறைக்குப் பச்சைச் சாயமும் வாயில்களுக்குச் சிவப்புச் சாயமும் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். பச்சை அங்கொன்றும் இங்கொன்றும்தான். சிவப்போ இழை நெடுகப் பொடி தூவினமாதிரி சிதறிக் கிடக்கிறது! ஒரு கும்பல் இல்லை. பிறந்து ஏழு வாரமான குட்டிக்கு இதற்குள் கூடியிருக்க வேண்டும். பக்கத்தில் இறைச்சிக் கூடத்திலிருந்து வாங்கிய நல்ல குட்டியின் நரம்பையும் வைத்துப் பார்த்தேன். அதில் இடைவெளிக்கு இடைவெளி சிவப்புப் பொட்டு. உன் வேலி உவமைதான். நாற்காலியிலிருந்து எழுந்து சத்தமாகச் சிரித்தேன்.

இசாபெகோவ் பார்த்தார். “நோயாளி ஆடு. வைரஸ் நரம்பையே கெடுத்திருக்கு, காலண்டர் நின்னுபோச்சு. இது எதையும் நிரூபிக்காது” என்றார். வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், அதில் பாதி நியாயம் இருக்கிறது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். மீதி இரண்டில் ஏதாவது நடுக்கம் நின்று தேறினால், அதற்குத் தாமதமாக உறை படிகிறது என்று பொருள். அப்போது வாயில்கள் கூடுகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். தேறிய குட்டியின் கண் எனக்கு வேண்டும். நாளும் நேரமும் நீயே குறி.

அன்புடன்
அனார்

பிஷ்கெக், 5 ஆகஸ்ட்

அக்கா,

நான் எழுதி ஏழு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மேலிருந்து இறங்கி வந்த தெரிந்தவர் ஒருவர், நீ நன்றாக இருப்பதாகவும் அவருக்குப் புளித்த குதிரைப்பால் கிமிஸ் ஊற்றிக் கொடுத்ததாகவும் சொன்னார். அப்படியானால் வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

கடித உறைமேல் முகவரி மாறியிருப்பதை நீ கவனித்திருப்பாய். ஜூன் கடைசியிலேயே என் ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கட்டுரையில் கையெழுத்துப் போடும்வரை உள்ளே வர வேண்டாமாம். கடிதமெல்லாம் இப்போது அஞ்சலகத்துக்குத்தான் வரும். உனக்குச் சொல்லக்கூடாது என்றிருந்தேன், சொல்லிவிட்டேன். விலங்கு மருத்துவமனையில் என் தோழி ராயா மதிய இடைவேளையில் நுண்ணோக்கியைத் தருகிறாள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். சாயப் புட்டிகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன், திருடி என்றால் சொல்லிக்கொள்ளட்டும்.

குட்டிகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?

அனார்

அட்-பஷி, 2 செப்டம்பர்

அனார்குல்,

நாங்கள் நலம். நீ சாவியைப் பறிகொடுத்துவிட்டு மதியம் பட்டினி கிடப்பது தெரிந்து உன் அத்தான் வெண்ணெயும் உலர்ந்த பாலாடைக் கட்டியும் கட்டி அனுப்பியிருக்கிறார். தின்று தொலை.

எழுதாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். ஒரு குட்டி ஜூலையில் வயிற்றுப்போக்கில் போனது, ஜாடி கீழே இருந்தது, நான் மேலே இருந்தேன். மற்றொன்று பெட்டை. ஆகஸ்ட் பாதியில் ஒரு நாள் தண்ணீர்த் துறைக்குப் போய்விட்டுத் திரும்பினால், என் பின்னால் வந்து நிற்கிறது. நேராக. கால் உதறாமல். ஓடினால் கொஞ்சம் பின்பக்கம் கோணுகிறது, அவ்வளவுதான். ஆறு தடவை பால், அனார், நாலரை மாதம்! என் முழங்காலில் தழும்பு இருக்கிறது.

கொடுக்க மாட்டேன்.

ஷெர்மாத் அது நடுங்குகிறது என்று கொல்லச் சொன்னார். நீ நடுங்கவில்லை என்று கொல்லச் சொல்கிறாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது எப்படித்தான் பிழைப்பது? நான் ஆடு அறுக்காதவள் இல்லை, வருஷத்துக்குப் பத்து அறுக்கிறேன். இது வேறு. துர்துபெக் ஊரெல்லாம் என் மந்தை கெட்டுப்போனது என்று சொல்லி வைத்திருக்கிறான். தன் ஆட்டைச் சினைப்படுத்த ஒருவரும் என் கிடாவைக் கேட்டு வரவில்லை. அவன் வாயை அடைக்க என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். உன் பேராசிரியரின் வாயை அடைக்க நீ வேறு ஆட்டைப் பார்.

சைராகுல்

பிஷ்கெக், 14 செப்டம்பர்

அக்கா,

வெண்ணெய்க்கு அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

முதல் தடவை உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்டபடி திட்டினேன். இரண்டாம் தடவை அழுதேன். மூன்றாம் தடவை ராயாவிடம் படித்துக் காட்டினேன். “எழுதிரு அனார், இனிமே மறைக்காதே” என்றாள்.

ஆகஸ்டிலேயே அவளுடைய புத்தகத்தில் இந்த நோயைக் கண்டுபிடித்தோம். தாய் சினையாக இருக்கும்போது வயிற்றுக்குள்ளேயே குட்டிக்குத் தொற்றுகிற வைரஸ். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. வெள்ளாட்டுக் கிடா ஒரு பாவமும் அறியாது, துர்துபெக்கிடம் சொல். ஆனால் தேறிவிட்டாலும் அந்தக் குட்டியின் இரத்தத்தில் நோய் ஆயுள் முழுக்க இருக்கும். சினை ஆடுகளோடு அது ஒரே பட்டியில் நின்றால் அடுத்த ஈற்றில் மறுபடி நடுங்கிப் பிறக்கும். ஐந்தோ, ஐம்பதோ.

ஏன் முன்னமே எழுதவில்லை தெரியுமா? கண்ணுக்காகப் பொய் சொல்கிறாள் என்று நீ நினைப்பாய் என்று பயந்தேன். எழுதத் துடித்த என் கையைப் பார்த்து எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

இப்போது கேள். எனக்குக் கண் வேண்டாம். என் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கிடாக்களை விடுவதற்குள் அதைத் தனியாகக் கட்டு, அல்லது உனக்குச் சரியென்று பட்டதைச் செய். நவம்பரில் கையில் ஒன்றுமில்லாமலேயே நான் கையெழுத்துப் போடாமல் நிற்பேன். நிற்பதற்கு ஜாடி தேவையில்லை.

உன் அனார்

அட்-பஷி, 9 அக்டோபர்

அனார்,

நீ நலமாக இரு. நான் நலமில்லை, நாலு நாளில் ஆகிவிடுவேன்.

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டினேன். “தனியா கட்டலாமே” என்றார். எங்கே கட்டுவது? தண்ணீர் ஒன்று, வழி ஒன்று, குளிர்காலப் பட்டி ஒன்று. கயிற்றை அறுத்துக்கொண்டு என் பின்னால் வருகிற பழக்கம் வேறு. நூற்று நாற்பது வயிறுகள் சினைக்குக் காத்திருக்கின்றன என் மந்தையில். யோசித்துப் பார்த்தேன், கணக்கு ஒரு பக்கமாகத்தான் சாய்ந்தது.

ஆனால் திருட்டுத்தனமாகச் செய்ய மாட்டேன் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு அதைக் கயிறில்லாமல் நடத்திக் கூட்டிப் போனேன். ஊர் முழுக்க அங்கே. ஷெர்மாத்தும் இருந்தார். சந்தை நடுவில் நின்று கத்தினேன்: “எல்லாரும் பாருங்க! இதுதான் நடுங்கின குட்டி. வெள்ளாட்டுக்குப் பொறந்ததுன்னு சொன்னவன் முன்னால வா!” துர்துபெக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறெங்கோ பார்த்தான். அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடத்தினேன். பிறகு நோயின் விஷயத்தை நீ எழுதியபடியே சொன்னேன், எவர் மந்தையில் நடுங்கிப் பிறந்தாலும் தாயைத் திட்ட வேண்டாம், தேறியதைச் சினை ஆட்டோடு விட வேண்டாம் என்று. ஷெர்மாத் பையிலிருந்து தாளெடுத்து எழுதிக்கொண்டார். அப்புறம்தான் தெரிந்தது, கீழ்ப்பட்டிகள் மூன்றிலும் நடுங்கிப் பிறந்து சத்தமில்லாமல் புதைத்திருக்கிறார்கள். துர்துபெக்கிடமும் இரண்டு குட்டிகளாம்! அவன் பெண்டாட்டியே சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் பிஸ்மில்லா சொல்லி நானே அறுத்தேன். யாரையும் தொடவிடவில்லை. கறியை நாங்கள் தின்னவில்லை. அரை மணிகூட ஆகவில்லை, ஜாடியில் போட்டுவிட்டேன். பச்சையாக, உப்பில்லாமல்.

நன்றி என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துவிடுவேன்.

சைராகுல்

பிஷ்கெக், 28 அக்டோபர்

அக்கா,

நீ தேறியிருக்க வேண்டும். எழுதக்கூடாது என்று நீ சொன்ன சொல்லை நான் எழுதவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பாதிதான் உறை படிந்திருக்கிறது. முதலில் எல்லாம் வீண் என்று நினைத்தேன். பிறகு ஒற்றை இழை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நெடுகப் பார்த்தேன். பச்சை உறை சுற்றியிருக்கிற நீளத்தில், அதன் இரு முனைகளிலும், சிவப்பு வாயில்கள் கும்பலாகக் கூடி நிற்கின்றன. அதே இழை மேலே போய் வெறுமையாகிற இடத்தில் சிவப்பு மறுபடி பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கிறது. ஒன்றில்லை, நாற்பத்தோரு இழைகளில் இப்படி. முழுக்கத் தேறியிருந்தால் இதைப் பார்த்திருக்கவே முடியாது!

சாவியில்லாமல் வாசலில் நின்றேன். இசாபெகோவ் வெளியே வந்தபோது ராயாவின் நுண்ணோக்கிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். “ஐயா, ஒரே ஆடு, ஒரே கண்ணு, ஒரே இழை. ஒரே இழைக்கு ரெண்டு காலண்டரா?” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாயம் நல்லா பிடிச்சிருக்கு. என் கட்டுரையிலயே சேர்த்துக்கலாம். சில விதிவிலக்குகளும் உண்டுன்னு ஒரு வரி போட்டுட்டு நீ கையெழுத்து வை, சாவியைத் தர்றேன்” என்றார்.

“விதிவிலக்கு இல்ல ஐயா, இதுதான் விதி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாவி வரவில்லை, இனி வராது. என் பெயரில் தனியாக மாநாட்டுக்கு அனுப்புகிறேன். விண்ணப்பத்தில் இரண்டு கட்டம் காலியாக இருக்கிறது. நிறுவனம் என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டேன். விலங்கின் எண்ணும் குறிப்பும் என்று இன்னொன்று. எதை எழுத? அதற்கு நீ ஏதாவது பெயர் வைத்திருந்தாயா?

அனார்

அட்-பஷி, 8 நவம்பர்

அன்புத் தங்கச்சிக்கு,

நான் தேறிவிட்டேன். பனி விழுந்துவிட்டது, கிடாக்களை மந்தையில் விட்டாயிற்று. இரண்டு பேர் வந்து என் கிடாவைக் கேட்டுப் போனார்கள். நிறுவனம் போனால் போகட்டும், நீ தலையை நிமிர்த்திக்கொண்டு அந்த மாநாட்டுக்குப் போ. நல்ல சால்வை இல்லையென்றால் என்னுடையதை ஓட்டுநரிடம் அனுப்புகிறேன்.

பெயர் கேட்கிறாய். வைத்திருந்தேன். அத்தானுக்குக்கூடத் தெரியாது, உனக்கும் சொல்ல மாட்டேன், அதை ஒரு தாளிலும் எழுத விட மாட்டேன். எண் வேண்டுமென்றால் ஒன்று என்று போட்டுக்கொள். அதன் கீழே குறிப்பில், நான் சொல்வதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுது: ஊர் பார்க்க, நாலு காலில், நடுங்காமல் நடந்தது.

உன் அக்கா
சைராகுல்